ஃபோனில் பேசிய பிள்ளை

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் சீனித்தம்பியின் வீடு கடல் பக்கம். அவர் தொழில் செய்தது வாவிப் பக்கம். நடுவில் பெரிய வீதி. விடிய வெள்ளண வீதியைக் குறுக்கே கடந்து போய்த் தோணியில் ஏறுவார், வெயில் ஏறும்போது இறாலும் மணலை மீனும் கொண்டு வருவார். காத்தான்குடியிலிருந்து கச்சி முகம்மது என்ற வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போவார். பல வருடமாக அப்படித்தான் நடந்தது. சீனித்தம்பியின் மூத்த மகள் மேனுகா. அவளுக்குக் கீழே ஒரு தம்பி, நிலோஜன். இது மேனுகாவின் கதை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை சீனித்தம்பியும் நிலோஜனும் வாவியில் நின்றார்கள். அதனால் தப்பினார்கள். தாய் அன்னப்பூரணி கறிக்கு மீன் வாங்கக் கரைவலைக்காரரிடம் போயிருந்தார். பின்வளவில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மேனுகாவைத் தண்ணீர் வீதி வரைக்கும் இழுத்து வந்து ஒரு மதிலோடு சாத்திவிட்டுப் போனது. கண் விழித்துப் பார்த்தபோது தோய்த்துக்கொண்டிருந்த சட்டை ஒன்று இன்னும் கையில் இருந்தது என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அன்னப்பூரணியின் உடலை மறுநாள் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் நின்றது, அதிலும் உப்புத் தண்ணீர்.

முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, வாவிக்கரையில் உறவினர் ஒருவரின் வளவில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். சீனித்தம்பி ஆளே மாறிப்போனார். தோணி உடைந்துவிட்டது என்பதற்காக அல்ல, தண்ணீரைப் பார்க்கவே அவருக்கு மனமில்லை. அவரைத் திரும்ப வாவியில் இறக்கியவர் கச்சி முகம்மதுதான். பாலமுனையில் ஒரு பழைய தோணியைத் தேடிப் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"இறங்கு சீனி. நீ இறங்காட்டி நான் ஆருட்ட இறால் வாங்குற?" என்றார்.

பிறகு ஒருநாள் தன்னுடைய பழைய ஃபோனையும் கொண்டுவந்து கொடுத்தார். "மீன்பாடு நல்லா இருந்தா ஒரு கோல் அடி. மத்த ஆக்களுக்கு இறாலக் குடுத்திராத."

சீனித்தம்பிக்கு அந்த ஃபோனைப் பிடிக்கவே வராது. பொத்தான்கள் சின்னது, கையில் எப்போதும் ஈரம். அழைப்பு எடுப்பதெல்லாம் மேனுகாதான்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆட்கள் காணாமல் போனார்கள். வீதியில் வான் ஒன்று மெதுவாகப் போனால் கதவைச் சாத்துவார்கள். அந்தக் காலத்தில் ஒருநாள் சீனித்தம்பிக்கு சுனாமிக்குப் பிறகு கண்டிராத அளவு இறால் பட்டது. தோணியின் அடியே தெரியவில்லை. மனிதர் கரைக்கு வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய கூத்தில் ராசா வருவதுபோல இரண்டு கையையும் விரித்து ஆடிக் காட்டினார். தாய் இறந்த பிறகு தகப்பன் ஆடி அன்றைக்குத்தான் மேனுகா பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஃபோனை எடுத்து அழைத்தாள். கச்சி முகம்மது தொழுகையில் இருந்தார். அவருடைய மனைவி றஸீனா எடுத்தார்.

"ராத்தா, நானாட்டச் சொல்லுங்க, அப்பாக்கு இண்டைக்கு இறால் நிறைய. ஐஸ் பெட்டி ரெண்டாக் கொண்டு வரட்டாம்," என்றாள் மேனுகா. காத்தான்குடியில் அக்காவை ராத்தா, அண்ணனை நானா, காக்கா என்பார்கள், அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தாள்.

கச்சி முகம்மது வந்தார். இறாலைப் பார்த்தார். பிளேன்டீ குடித்தார். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

மோட்டார் சைக்கிள் வழியில் ஒரு பற்றைக்குள் கிடந்தது. உடலைச் சில நாள் கழித்து வாவியில் கண்டல் மரங்களுக்கு இடையே கண்டெடுத்தார்கள். சுட்டிருந்தார்கள். காத்தான்குடியில் கடைகளெல்லாம் பூட்டி, வீதியில் டயர் எரிந்தது. சீனித்தம்பி ஜனாஸா அடக்கத்துக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அயலவர் வந்து மறித்தார்கள்.

"இப்ப அங்கால போனா தமிழாள் எண்டு உன்னையும் அடிச்சுப் போடுவாங்க. நிலைமை தெரியாம நிக்காத."

அவர் போகவில்லை. கூட்டாளியின் ஜனாஸாவுக்கு வராதவன் என்பது பிறகு அவருக்கு எதிரான முதல் சாட்சியமானது.

அடுத்த வருடம் பொலிசார் வந்து சீனித்தம்பியையும் நிலோஜனையும் கொண்டுபோனார்கள். இறால் இருக்கிறது என்று பொய் சொல்லி அழைத்து, ஆயுதக்குழு ஒன்றிடம் காட்டிக்கொடுத்தார்கள், கொலைக்கு உடந்தையாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தடுப்பில் வைத்துச் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் ஒன்றில் சீனித்தம்பியிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. எப்படி வாங்கினார்கள் என்பதை அவர் மகளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

மறியல் என்கிற சிறையில் முதல் தடவை பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்டைக்குக் கோல் அடிச்சது நீ எண்டு ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல அப்பா."

"சொல்லாத. நான் அடிச்சதாத்தான் அவனுகள் எழுதியிருக்கானுகள். அப்படியே இருக்கட்டும். நீ வெளிய நில்லு மகள்."

மேனுகா வெளியே நின்றாள். களுவாஞ்சிகுடியில் ஒரு புடவைக்கடையில் வேலை. தவணைக்குத் தவணை மட்டக்களப்புக் கோடு, நீதிமன்ற அலைச்சல். ஊரார் ஒன்றும் தூற்றவில்லை, ஆனால் கலியாண வீட்டுக்குச் சொல்ல வந்தவர்கள் அந்தக் கொட்டிலைத் தாண்டிப் போனார்கள். அவள் பெயரும் ஊரில் 'வழக்குக்காரப் பிள்ளை' என்றாகிவிட்டது.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்த செய்தி வந்தபோது அவள் மறியல் வாசலில் சாப்பாட்டுப் பார்சலோடு வரிசையில் நின்றாள். பட்டணத்தில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு தாய், "இனி நம்மட பிள்ளைகள விட்டிருவாங்க, சண்டை முடிஞ்சிட்டுதே," என்று மேனுகாவின் கையைப் பிடித்தார். மேனுகாவும் நம்பினாள். அன்றைக்கும் பார்சலை வழக்கம்போல ஈர்க்கால் குத்திப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். வழக்கு அதன் பாட்டில் கிடந்தது.

கம்சாயினி வந்தது அதற்குப் பிறகு. கொழும்பில் வளர்ந்தவர், தாய்வழியில் மட்டக்களப்பு. இப்படியான வழக்குகளில் சிக்கிய ஒரு குடும்பத்தை வைத்து ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று சட்டத்தரணி உதயரூபனிடம் போயிருக்கிறார். உதயரூபன்தான் சீனித்தம்பியின் வழக்கைப் பேசியவர். அவர் மேனுகாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"விருப்பமெண்டா செய். ஆனா வழக்கு நடக்கக்குள்ள சம்பவத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது. உன்ட வாழ்க்கையப் பத்திப் பேசு, சுனாமியப் பத்திப் பேசு."

மேனுகா ஏன் சம்மதித்தாள் என்று நான் கேட்டிருக்கிறேன். "ஒருத்தரும் வீட்டுக்கு வாறல்ல. அந்த அக்கா வந்தா," என்றாள்.

ஒன்றரை வருடம் வந்து வந்து போனார்கள். கமராக்காரர் சிங்களப் பொடியன். முதல் நாள் அவரைக் கண்டதும் மேனுகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், பிறகு அவரே கொட்டிலின் ஓட்டைத் தகரத்துக்கு ஆணி அடித்துக் கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். அவள் பஸ்ஸில் போவதை எடுத்தார்கள், புடவை மடிப்பதை எடுத்தார்கள், மறியல் வாசலில் நிற்பதை வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒளித்து நின்று எடுத்தார்கள். வாவிக்கரையில் தனியே நடக்கச் சொல்லிப் பலமுறை எடுத்தார்கள். "நான் ஒருநாளும் அங்க சும்மா நடக்கிறல்ல அக்கா," என்று சொல்லிப் பார்த்தாள். "படத்துக்கு வேணும்," என்றார் கம்சாயினி. நடந்தாள்.

இறந்தவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்பதில் கம்சாயினி நேர்மையாக இருந்தார். றஸீனாவின் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறார். முதலில் கதவே திறக்கவில்லை. கடைசியில் முகத்தைக் காட்டாமல், கை மட்டும் தெரியும்படி உட்கார்ந்து பேச றஸீனா சம்மதித்தார். கமராவுக்கு முன்னால் அந்தக் கைகள் ஒரு துவாயின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தன. கேள்வி ஒன்றுக்குப் பதிலாக அவர் சொன்னார்:

"கோல் வரக்குள்ள அவர் தொழுதுகிட்டு இருந்த. நான்தான் எடுத்த. ஒரு பொம்புளப் புள்ள பேசிச்சு."

கம்சாயினி திடுக்கிட்டுப் போனார். வாக்குமூலத்தில், குற்றப்பத்திரிகையில், எல்லா இடத்திலும் சீனித்தம்பி தானே கச்சி முகம்மதோடு நேரடியாகப் பேசி அழைத்ததாகத்தான் இருந்தது.

"இத பொலிசுக்குச் சொன்னீங்களா?"

"அவர் போய் நான் இத்தாவில, வீட்டுக்குள்ளயே இருந்த நேரம். ஆம்புளைகளுக்கு முன்னால வரல்ல. கதவுக்கு அங்கால இருந்து என்ட காக்காதான் அவங்களோட பேசின. சீனித்தம்பிட ஃபோன்ல இருந்து வந்த எண்டு நான் சொன்ன, அவர் சீனித்தம்பி பேசின எண்டு சொல்லிட்டார் போல. மறுகா ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல."

இரண்டு நாள் கழித்து கம்சாயினி செட்டிபாளையத்துக்கு வந்தார். கமரா ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாக எதையோ பேசிவிட்டு, "அண்டைக்கு ஃபோன் பண்ணினது நீங்களா மேனுகா?" என்று கேட்டார்.

மேனுகா எழும்பிவிட்டாள். "கமராவ நிப்பாட்டுங்க."

கமராக்காரர் கம்சாயினியைப் பார்த்தார். கம்சாயினி உடனே தலையை அசைக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை மேனுகா மன்னிக்கப் பல காலம் எடுத்தது. கமரா நின்ற பிறகு, "நீங்க என்னட்ட முதல்ல தனியாக் கேட்டிருக்கலாம் அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் உதயரூபனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது ரெண்டு பக்கமும் வெட்டும் பிள்ள. நீ வந்து சொன்னா வாக்குமூலம் பொய்யெண்டு காட்டலாம். பேசாத ஆளப் பேசினதா எழுதினவங்கள் மிச்சத்த எப்படி எழுதியிருப்பாங்க எண்டு கேக்கலாம். ஆனா கூப்பிட்டது நீ எண்டு தெரிஞ்சா உன்னையும் வழக்கில எதிரியாச் சேர்க்கலாம். சேர்க்க மாட்டாங்க எண்டு நான் வாக்குத் தர மாட்டன்."

தகப்பனிடம் சொன்னபோது அவர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். காவலாளி வந்து தள்ளிப் போகச் சொன்னார். "உன்னையும் உள்ளுக்குப் போட்டா எனக்கு இந்த உயிர் என்னத்துக்கு? நீ வாயத் துறந்தா நான் உன்ட முகத்திலயும் முழிக்க மாட்டன்." நிலோஜன் பின்னால் நின்றான். பதினெட்டு வயதில் உள்ளே போனவன், அங்கேயே தாடி முளைத்து வளர்ந்துவிட்டது. தகப்பன் திரும்பிய பிறகு, சொல்லு என்பதுபோல அக்காவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான். தகப்பனின் கோபத்தை அவள் எப்படியும் தாங்கியிருப்பாள். தம்பியின் அந்தத் தலையாட்டலை மீறி வாய் மூடியிருக்க முடியவில்லை.

கோட்டுக்கு முன் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. றஸீனாவைப் பார்க்க வேண்டும். கம்சாயினி கேள்விப்பட்டு, "நானும் வாறன், அவவும் சம்மதிச்சா மட்டும் எடுப்பம்," என்று கெஞ்சினார். மேனுகா மறுத்துவிட்டாள். பின்னேரம் கடையில் அரைநாள் லீவு கேட்டு, பஸ் ஏறிக் காத்தான்குடியில் இறங்கி, தலையில் சால்வை போட்டுக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனாள். றஸீனாவே கதவைத் திறந்தார்.

"ராத்தா, நான் சீனித்தம்பிட மகள்."

றஸீனா அவளை உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. "பேசு," என்றார்.

"அண்டைக்குப் பேசினது நான்தான்."

"தெரியும். இப்ப ராத்தா எண்டு கூப்பிட்டியே, அப்பவே தெரிஞ்சிட்டு." றஸீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ சிரிச்சிக்கிட்டுப் பேசின. இறால் நிறைய எண்டு சொல்லிச் சிரிச்ச. அந்தச் சிரிப்ப நான் எத்தின தரம் நினைச்சிருப்பன் தெரியுமா புள்ள? கொல்லக் கூப்பிடுறவள் இப்படியா சிரிப்பாள் எண்டு ஒருநாள் நினைப்பன். அடுத்த நாள், இப்படிச் சிரிச்சித்தான் கூப்பிடுவாள் எண்டு நினைப்பன்."

"அப்பா ஆடிக்காட்டினார் ராத்தா. அதுக்குத்தான் சிரிச்ச."

"என்ன?"

மேனுகா சொன்னாள். தோணி நிறைய இறால், மடித்துக் கட்டிய சாரம், ராசா வருகிற ஆட்டம், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. றஸீனா அழவில்லை. கேட்டுவிட்டு, "அவர் இறாலப் பாத்து என்ன சொன்ன? கடைசியா என்ன பேசின?" என்று கேட்டார். ஆறு வருடமாக யாரிடமும் கேட்க வழியில்லாத கேள்வி அது.

"பிளேன்டீக்குச் சீனி காணாது எண்டு சொன்னார். மறுகா, இதுல ஒரு பங்கு வீட்டுக்கு வைக்கணும், நம்மட சின்னவளுக்கு இறால் பொரியல் எண்டா உசிர் எண்டு சொன்னார்."

றஸீனா திரும்பி உள்ளே பார்த்தார். உள்ளே யாரோ பாடம் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு, "கோட்டுல என்னக் கேட்டா உள்ளதச் சொல்லுவன். உனக்காகவும் இல்ல, உன்ட வாப்பாக்காகவும் இல்ல," என்றார். கதவைச் சாத்துவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "நீ கூப்பிட்டுத்தானே அவர் வந்த. அது பொய்யில்லையே புள்ள."

"இல்ல ராத்தா," என்றாள் மேனுகா.

மேல் நீதிமன்றத்தில் றஸீனா சொன்னபடியே சொன்னார். குறுக்கு விசாரணையில் உதயரூபன் கேட்ட கேள்விக்கு, "பெண் குரல். ஆண் இல்லை. எடுத்தது நான்தான், என் கணவர் இல்லை," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினார். பிறகு மேனுகா கூண்டில் ஏறினாள். இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று அரச தரப்புச் சட்டத்தரணி பல விதமாகக் கேட்டார். "பயம் ஐயா," என்பதே எல்லாவற்றுக்கும் பதில். எதிரிக்கூண்டில் இருந்த சீனித்தம்பி அவளைப் பார்க்கவேயில்லை, சொன்னபடி செய்தார். அரச தரப்பு அவளை எதிரியாகச் சேர்க்கவும் இல்லை.

2013இல் தீர்ப்பு வந்தது. வாக்குமூலத்தை நம்ப முடியாது, வேறு சான்று இல்லை என்று சொல்லி இருவரையும் விடுவித்தார்கள். கச்சி முகம்மதைக் கொன்றது யார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. வெளியே வந்த சீனித்தம்பி கோட்டு வாசலில் மகளின் தலையில் கை வைத்தார், வலது கையை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "அந்த மனிசிட முகத்த நான் எப்படிப் பாக்குற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பார்க்கப் போகவில்லை. வாவியில் திரும்ப இறங்கவுமில்லை. சில வருடத்தில் காலமானார். நிலோஜன் கட்டாருக்குப் போய்விட்டான்.

படம் தீர்ப்புக்கு முன்னமே முடிந்து வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போயிருந்தது. தீர்ப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு தடவை காட்டினார்கள். நானும் போயிருந்தேன், மேனுகாவை முதலில் கண்டது அங்கேதான். நல்ல படம். வாவி அவ்வளவு அழகாக இருந்தது. றஸீனாவின் கைகள், "ஒரு பொம்புளப் புள்ள பேசிச்சு" என்ற குரல், பிறகு மேனுகா எழும்பி, "கமராவ நிப்பாட்டுங்க," என்பது. அதற்குப் பிறகு அவள் கரையில் தனியே நடந்து போவாள், படம் முடிந்துவிடும். அவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்கே தோன்றியது. மறைத்ததும் உண்மைதான். ஆனால் என்ன மறைத்தாள் என்பது படத்தில் இல்லை.

விளக்கைப் போட்டதும் மேனுகா எழும்பி நேரே கம்சாயினியிடம் போனாள். எல்லோரும் கேட்கத்தான் பேசினாள்.

"தீர்ப்பு வந்திட்டுதே அக்கா. நான் கோட்டுல ஏறிச் சொன்னேனே. அது எங்க?"

கம்சாயினியின் முகம் வாடிவிட்டது. படம் போய்விட்டது, மாற்ற முடியவில்லை, கட்டாயம் சேர்ப்பேன் என்றார். சேர்த்தார். புதிய பிரதியின் கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வரும். ஆனால் இணையத்தில் யாரோ ஏற்றி ஆட்கள் பார்ப்பது பழைய பிரதியைத்தான். கம்சாயினி அதை எடுப்பிக்க எழுதிப் பார்த்தார், ஒன்றை எடுத்தால் இன்னொன்று வருகிறது. அவர் இப்போதும் வருடத்தில் ஒருமுறையாவது மேனுகாவிடம் வருவார். இரண்டு பேரும் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மேனுகா பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். தனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகளிடம் கண்டிப்பு. கலியாணம் செய்து ஒரு மகளும் உண்டு. கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கிய ஒரு பெண் போன வருடம் அவளை அடையாளம் கண்டுவிட்டாராம். கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளிடம் தயங்கித் தயங்கி வந்து, "அந்தப் படத்தில வாறது நீங்கதானே? உண்மையில என்ன நடந்தது?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"வேலை முடியட்டும், வாறன் எண்டு சொன்னன். முடிஞ்ச பிறகு போய், கடற்கரையில இருந்து எல்லாத்தையும் சொன்னன். கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்றதுதான். பின்னேரம் முழுக்கப் போயிட்டு. அந்த மனிசி பிள்ளைகளையும் குளிக்க விடாம இருந்து கேட்டுது."